ராதாபுரம் கருத்துக் கேட்பு, 2019 ஜூலை 10: "தற்காலிக" சேமிப்பு என்றால் எத்தனை வருஷம்?

கரைவலை எழுதியது:

வணக்கம். என் அப்பாவும் அம்மாவும் கூடங்குளம் பக்கம் சுனாமி காலனியில் இருக்கிறார்கள். 2004ல் வீடு போன பிறகு கட்டிக் கொடுத்த வீடு. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் இரண்டு அணு உலையும் நேராகத் தெரியும், பால் பொங்குகிறதா என்று பார்க்கத் திரும்பினாலே கண்ணில் படும், அவ்வளவு பக்கம். நான் வேலைக்காகத் திருநெல்வேலியில் இருக்கிறேன்.

ஜூலை 10ஆம் தேதி ராதாபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது, இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. 1, 2ஆம் உலைகளில் எரித்து முடித்த எரிபொருளை வைக்க வளாகத்துக்குள்ளேயே தனியாக ஒரு மையம் கட்டப் போகிறார்கள். ஏ.எஃப்.ஆர் என்கிறார்கள், உலைக்கு அப்பால் என்று அர்த்தமாம். இத்தனை நாளாக எங்கள் ஊரில் பாதிப் பேர் அதை ஊருக்கு அப்பால் என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தோம்.

நேற்று அம்மா போனில் கேட்டாள், "இன்னும் என்னத்தக் கொண்டாந்து வைக்கப் போறாங்க? எவ்வளவு நாளைக்கு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கே கேட்டாலும் தற்காலிகம்தான் என்கிறார்கள். அது எத்தனை வருஷம்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் உலை எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் தடியடி நடந்ததெல்லாம் எனக்கும் தெரியும், நான் அப்போது பிளஸ் டூ, அந்த மணலில் இருந்தவன். அதைப் பேசினால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும். இதை மட்டும் பேசுவோம்.

பழைய இன்ஜினியர் எழுதியது:

தம்பி, நான் வேறு மாநிலத்தில் ஒரு அணுமின் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அம்மாவுக்கு அப்படியே சொல்லலாம்.

முதலில் ஒன்று. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து வைக்கப் போவதில்லை. அந்த எரிபொருள் இப்போதே அங்கேதான் இருக்கிறது. முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 2016 ஜூலையில். ஒவ்வொரு உலைக்குள்ளும் 163 எரிபொருள் கற்றைகள் நிற்கின்றன. ஒரு கற்றை நாலரை மீட்டர் உயரம், அறுகோண வடிவம், முந்நூறுக்கும் மேற்பட்ட மெல்லிய குழாய்கள், குழாய்க்குள்ளே யுரேனிய வில்லைகள். எரிந்து முடிந்ததும் வெளியே எடுத்து உலைக்குப் பக்கத்திலேயே ஆழமான தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். எடுத்த புதிதில் சூடும் கதிர்வீச்சும் மிகமிக அதிகம். தண்ணீர் இரண்டையும் தாங்கும். அந்தத் தொட்டியில் ஏழெட்டு வருஷத்துக்குத்தான் இடம் உண்டு, நிறைந்துவிட்டால் உலையை நிறுத்த வேண்டியதுதான். அதனால் சில வருஷம் ஆறிய கற்றைகளை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். அதுதான் இந்த மையம்.

இதைக் கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம் என்பதையும் மறக்கக்கூடாது. உலைக்கு எதிராகப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில் 2013 மே 6ஆம் தேதி வந்த தீர்ப்பில் 15 உத்தரவுகள் உண்டு. ஐந்து வருஷத்துக்குள் இந்த மையம் வேண்டும் என்பது அதில் ஒன்று. முடியவில்லை என்று போய் நின்று, 2022 வரை அவகாசம் வாங்கியிருக்கிறார்கள். எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியால்தான் இந்தப் பேச்சே எழுந்தது.

புகுஷிமாவை வைத்து எல்லோரும் பயமுறுத்துவார்கள், அதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2011ல் அங்கே நான்காம் உலையின் தொட்டியில் 1,535 கற்றைகள் இருந்தன, தண்ணீர் வற்றிவிடுமோ என்று உலகமே பதறியது. அதே வளாகத்தில் 408 கற்றைகளைத் தனியாக ஒன்பது உலோகக் கொள்கலன்களில் மூடி வைத்திருந்தார்கள். அலை அந்தக் கட்டடத்துக்குள்ளும் புகுந்தது, கொள்கலன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, உலையின் தலைமாட்டில் எல்லாவற்றையும் நெருக்கி வைப்பதைவிடப் பிரித்து வைப்பது மோசம் என்று நான் சொல்லமாட்டேன்.

மரியா டீச்சர் எழுதியது:

சார், நீங்கள் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நான் கணக்கு டீச்சர், உங்கள் 163ஐ வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்.

திட்ட விவரத்தில் இந்த மையத்தின் கொள்ளளவு 4,328 கற்றைகள் என்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை உலையில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவார்கள் என்று படித்தேன். 163ல் மூன்றில் ஒன்று 54 சொச்சம். இரண்டு உலைக்கு 108. நாற்பது வருஷத்துக்குப் பெருக்கினால் 4,320.

4,328க்கும் 4,320க்கும் எட்டுதான் வித்தியாசம். இரண்டு உலையும் ஆயுள் முழுக்க எரித்துத் தள்ளும் எல்லாவற்றுக்கும் சேர்த்து இடம் போட்டிருக்கிறார்கள். இடையில் ஒரு கற்றைகூட வெளியே போகாது என்று வைத்துக்கொண்டு கட்டினால்தான் இந்த எண் வரும். இதை எப்படித் தற்காலிகம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது?

ஆவரைகுளம் பாண்டி எழுதியது:

டீச்சர் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஆறு பேர் உள்ளே காண்டிராக்டில் வேலை செய்கிறார்கள், அதில் ஒருவன் என் தம்பி. 3, 4ஆம் உலை வேலை நடக்கிறவரைக்கும் எங்கள் பக்கம் டீக்கடை முதல் லாரி வரைக்கும் அதை நம்பித்தான் ஓடுகிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் எங்களைக் காசுக்குப் போனவர்கள் என்று பேசுவதும், நாங்கள் அவர்களை வேறு மாதிரி பேசுவதும் 2011லிருந்து நடக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத அளவுக்குப் போனது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் தம்பி உள்ளே வேலை செய்வதால் எனக்குப் பயம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். உலை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். சாம்பலை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்பதற்கு உலைக்கு எதிரி ஆகியிருக்க வேண்டியதில்லை, அடுப்பு வைத்திருக்கிற எவனும் கேட்பான்.

பழைய இன்ஜினியர் எழுதியது:

டீச்சரம்மா, கணக்கு சரி. மறுக்க மாட்டேன்.

எதற்காக அப்படிப் போட்டிருப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் இதைக் கழிவு என்று சொல்வதே கிடையாது. எரிந்த எரிபொருளில் மிச்சம் இருக்கும் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவது என்பதுதான் ஹோமி பாபா காலத்திலிருந்து கொள்கை. அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதற்குத்தான் இடம். ஆனால் தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்குப் பெரும்பாலும் நம்முடைய கனநீர் உலைகளின் எரிபொருள்தான் போகிறது. கூடங்குளத்தில் இருப்பது ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய எரிபொருள், வேறு சாதி. அது எந்த வருஷம், எந்த ஆலைக்குப் போகும் என்று தேதி போட்ட ஒரு திட்டத்தை மக்கள் முன்னால் வைக்க வேண்டும். அதைக் கேட்பது நியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. 1988ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டபோது எரிந்த எரிபொருளை சோவியத் நாடே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று இருந்தது. 1998ல் புதுப்பித்தபோது இந்தியாவே வைத்துக்கொள்ளும் என்று மாறியது. பிரித்தெடுத்தால் நமக்கு லாபம் என்பது எங்கள் பார்வை, அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். அந்த மாற்றத்தை இடிந்தகரையில் யாராவது வந்து சொன்னார்களா என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

கோவை லேத் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பா பம்ப் செட் உதிரி பாகம் செய்யும் லேத் பட்டறை வைத்திருந்தார். 2012ல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. மூன்று பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டி வந்தது, அதில் ஒருவர் அப்பாவோடு பதினெட்டு வருஷம் இருந்தவர். அப்போது கூடங்குளம் எப்போது ஓடும் என்று நாங்கள் நாள் எண்ணினோம். உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை.

கேள்வி இதுதான். 2013லிருந்து எரிந்த எரிபொருள் இருக்கிறது. அதை இல்லாமல் ஆக்க முடியாது. கூடங்குளத்தில் வேண்டாம் என்றால் எங்கே வைப்பது?

கேஜிஎஃப் சாம்பியன் ரீஃப் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கே என்று ஒருமுறை எங்கள் ஊரைத்தான் காட்டினார்கள்.

நான் கோலார் தங்கவயல்காரன். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர். எங்கள் ஊரில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும், 2001ல் மூடிவிட்டார்கள். 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு நடந்தபோது, கடைசியில் மிஞ்சும் கழிவைக் கைவிட்ட கோலார் சுரங்கத்தில் புதைக்கலாம் என்று மத்திய அரசுத் தரப்பில் நீதிமன்றத்தில் ஒரு பேச்சு வந்தது. மறுநாளே இங்கே கொதித்துவிட்டது. கடையடைப்பு, ஊர்வலம், எல்லாக் கட்சியும் ஒரே மேடை. சில நாளிலேயே அப்படி ஒரு திட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு ஊர்வலத்தில் நானும் போனேன், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மலைத் தூசியைச் சின்ன வயசிலிருந்தே மூச்சில் இழுத்தவர்கள் நாங்கள், இன்னொன்றையும் எங்கள் தலையில் கட்டாதே என்று கத்தினேன். ஜெயித்தோம். ஆனால் நாங்கள் வேண்டாம் என்று சொன்னது அப்புறம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இந்தத் தம்பியின் அம்மா வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. எங்களுக்குச் சில நாளில் கிடைத்த பதில் இவர்களுக்கு இத்தனை வருஷமாக ஏன் கிடைக்கவில்லை?

கரைவலை எழுதியது:

கேஜிஎஃப் அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவங்க ஊருலயும் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

கோவை அண்ணனுக்கும் ஒன்று. உங்கள் பட்டறை கதை எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கே வைப்பது என்ற கேள்வியை உலை கட்டுவதற்கு முன்னால் எல்லோரிடமும் கேட்டிருக்க வேண்டும். இப்போது எங்களிடம் மட்டும் கேட்கிறார்கள். அந்த மின்சாரம் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் புதுச்சேரிக்கும்கூடப் போகிறது, போகட்டும், நல்லதுதான். கம்பி வழியாக மின்சாரம் எல்லோருக்கும் போகிறது, எரிந்தது மட்டும் இங்கேயே தங்குகிறது.

தாராப்பூரில் 1969லிருந்து உலை ஓடுகிறது. அமெரிக்கா கொடுத்த எரிபொருள். அதைத் திருப்பி எடுப்பதா பிரித்தெடுப்பதா என்று இரண்டு நாடும் பேசிப் பேசியே காலம் போய்விட்டது. அதுவும் தற்காலிகமாக வைத்ததுதானே? ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. என் அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

மரியா டீச்சர் எழுதியது:

பேச்சு வந்ததால் கேட்கிறேன். 2012ல் நக்கனேரியில் விபத்து ஒத்திகை நடத்தினார்கள். பதினாறு கிலோமீட்டர் வரைக்கும் அவசரகாலத் திட்டம் உண்டு, அயோடின் மாத்திரை கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் மாத்திரை மாத்திரை என்று பேசிக்கொண்டார்கள். இந்தச் சேமிப்பு மையத்தில் ஏதாவது ஆனாலும் அதே மாத்திரைதானா?

பழைய இன்ஜினியர் எழுதியது:

டீச்சரம்மா, இது மிக முக்கியமான கேள்வி, பலருக்கும் தெரியாதது.

அயோடின் மாத்திரை காப்பது தைராய்டு சுரப்பியை மட்டும்தான், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும். அயோடின் 131க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், எட்டு நாள். ஓடுகிற உலையில் விபத்து நடந்தால் அது வெளியே வரும், அப்போது மாத்திரை உதவும். ஆனால் நாலைந்து வருஷம் ஆறிய கற்றையில் அது மிச்சமே இருக்காது. அங்கே கவலைப்பட வேண்டியது சீசியம் 137, ஸ்ட்ரான்ஷியம் 90. அரை ஆயுள் முப்பது வருஷம் அளவில். மண்ணிலும் தண்ணீரிலும் தங்கும். அதற்கு அந்த மாத்திரை எந்த வகையிலும் பயன்படாது. புளூட்டோனியம் 239 என்றால் 24,000 வருஷம்.

அலை பற்றியும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். 2004ல் கூடங்குளத்தில் வந்த அலை இரண்டு மீட்டர் சொச்சம். உலை வளாகத்தில் ஐந்தரை மீட்டர் வரை வெள்ளம் வரலாம் என்று வைத்து, அதற்கும் மேலேதான் முக்கியமான கட்டடங்களைக் கட்டியிருக்கிறார்கள். அந்த வேலை ஒழுங்காகவே நடந்திருக்கிறது. புது மையத்துக்கும் அதே அளவுதானா, கற்றைகளைத் தண்ணீரில் வைப்பார்களா, கொள்கலனிலா, பம்ப் நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் கூட்டத்தில் எண்ணோடு சொல்லச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம் என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். எண்ணைச் சொல்லாமல் தைரியம் மட்டும் சொன்னால் நானே நம்பமாட்டேன்.

பின்லாந்தைப் பாருங்கள். யூராயோக்கி என்ற ஊருக்குக் கீழே சுமார் 430 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து நிரந்தரமாகப் புதைக்க ஏற்பாடு நடக்கிறது. அங்கே ஊராட்சி வேண்டாம் என்று சொன்னால் திட்டம் அத்தோடு முடிந்தது, சட்டத்திலேயே அந்த அதிகாரம் உண்டு. அந்த ஊர் சரி என்று சொன்னது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை கையில் இருந்ததால்தான் சரி என்று சொல்ல முடிந்தது என்று நான் நினைக்கிறேன். முப்பது வருஷம் இந்தத் துறையில் இருந்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

ஆவரைகுளம் பாண்டி எழுதியது:

சரி, காரியத்துக்கு வருவோம். கூட்டத்தில் சத்தம் போட்டுவிட்டு வந்தால் பதிவாகாது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், சுருக்க அறிக்கை தமிழில் வேண்டும், கூட்டம் ஆட்சியர் தலைமையில் நடக்க வேண்டும், பேசுவதை எல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். இரண்டு நகல் எடுங்கள், ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். நான் போன வருஷம் நிலப் பட்டா விஷயமாக ஒரு அலுவலகத்தில் முத்திரை வாங்காமல் மனு கொடுத்துவிட்டு ஆறு மாசம் அலைந்தேன், மனுவே வரவில்லை என்றுவிட்டார்கள்.

கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள். முதல் கற்றை இந்த வளாகத்தை விட்டு எந்த வருஷம் வெளியே போகும், எங்கே போகும், போகாவிட்டால் யார் பொறுப்பு. இது மூன்றும் போதும். பத்துக் கேள்வி கேட்டால் சுலபமான இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். டீச்சர் கணக்கைக் கூடவே இணைக்க வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் சம்மதித்தால் எங்கள் ஊரிலிருந்தும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். ஒரே தாளில் போடுவோம்.

மரியா டீச்சர் எழுதியது:

பாண்டி தம்பி, ஒரே தாளில் போடுவோம். நான் எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் வைக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகள் இருக்கிறார்கள், மை டப்பாவும் கொண்டுவர வேண்டும்.

கோவை லேத் எழுதியது:

வெளியூர்க்காரன் எழுதி அனுப்பலாமா? அனுப்பலாம் என்றால் எனக்கும் அந்த மூன்று கேள்வியைத் தாருங்கள். அந்தக் கரண்டை நானும்தான் பயன்படுத்துகிறேன்.

கரைவலை எழுதியது:

எல்லோருக்கும் ஒரு செய்தி. கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அடுத்த தேதி சொல்லவில்லை.

ஊரில் சிலர் இதை வெற்றி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டம் தள்ளிப்போனாலும் தொட்டி நிறைவது தள்ளிப்போகாது. கேட்பதற்கு ஒரு நாள் குறித்திருந்தார்கள், இப்போது அதுவும் கையில் இல்லை.

பழைய இன்ஜினியர் எழுதியது:

தம்பி, கூட்டம் இல்லாவிட்டாலும் மனுவை அனுப்புங்கள். பதில் வரும்வரை ஞாபகக் கடிதம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொழில்நுட்பமாக ஏதாவது பதில் வந்தால் இங்கே அப்படியே போடுங்கள், எது பதில், எது மழுப்பல் என்று பிரித்துச் சொல்கிறேன்.

கரைவலை எழுதியது:

அனுப்பிவிட்டோம் சார். பாண்டி அண்ணன் பைக்கில் சுனாமி காலனிக்கு வந்தார், எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாவோடு உட்கார்ந்து தாளை அடுக்கினார். அம்மா சாளைக் குழம்பு வைத்திருந்தாள், இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மொத்தம் ஒன்பது தாள், இரண்டு பக்கத்து ஊர்க் கையெழுத்தும் கலந்து கிடக்கிறது, எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

முத்திரை போட்ட நகலை அம்மா ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறாள். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.